ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் டாக்டர்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வண்டிக்கு இத்தனை பாகம் என்று கணக்கு உண்டு. கணக்குத் தவறினால், பரிசோதகர் அந்த வண்டியைத் தனியே ஒதுக்கி விடுவார்.

மனித உடலிலும் ஒரு கணக்கு உண்டு. நமது உயிரணுவுக்குள் குரோமோசோம் என்ற மெல்லிய இழைகள் உள்ளன. பொதுவாக அவை 46. சில குழந்தைகளுக்கு 47 இருக்கும். 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். இதற்கு "டவுன் சிண்ட்ரோம்" என்று பெயர்.

வண்டியை ஒதுக்கலாம். குழந்தையை ஒதுக்கலாமா?

கூடாது என்று செய்து காட்டியவர் ஜான் லாங்டன் டவுன். அவர் பெயர்தான் இதற்கு வைக்கப்பட்டது.

மழை நாள்

இங்கிலாந்தில் டார்பாயிண்ட் என்ற ஊரில் 1828-ம் ஆண்டு டவுன் பிறந்தார். தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். டவுன் சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கடையில் வேலை பார்த்தார்.

ஒரு நாள் நல்ல மழை. ஒரு குடிசையில் ஒதுங்கினார். மன வளர்ச்சி குன்றிய ஒரு பெண் அங்கே இருந்தாள். இவளுக்கு எதுவுமே செய்ய முடியாதா என்ற எண்ணம் அவர் மனதில் தைத்தது. பின்னாளில் அவரே இதைச் சொன்னார்.

1853-ல் லண்டனில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். நன்றாகப் படித்துத் தேறினார். பெரிய ஆஸ்பத்திரியில் பேரும் பணமும் சம்பாதித்திருக்கலாம். ஆனால் 1858-ல் ஏர்ல்ஸ்வுட் என்ற விடுதிக்குத் தலைமை டாக்டராகப் போனார். மன வளர்ச்சி குன்றியவர்களை வைத்திருந்த இடம் அது.

அடி நின்றது

அங்கே யாரையும் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சுத்தமாக உடுத்தவும், கரண்டி பிடித்துச் சாப்பிடவும், கைத்தொழில் செய்யவும் பழக்கினார். மனைவி மேரியும் கூட நின்று உழைத்தார்.

1866-ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் குழந்தைகளுக்குள் ஒரு தனி ஜாடை இருப்பதை அதில் தெளிவாக விளக்கினார்.

அதில் இரண்டு தவறுகளும் செய்தார். முகம் மங்கோலியர் போல இருக்கிறது என்று நினைத்து, அந்த இனத்தின் பெயரை வைத்தார். பெற்றோரின் காசநோயே காரணம் என்றும் எழுதினார். மங்கோலிய நாடு கேட்டுக்கொண்டதன் பேரில், 1965-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது.

1868-ல் டவுனும் மேரியும் நார்மன்ஸ்ஃபீல்டு என்ற சொந்த இல்லம் தொடங்கினார்கள். குழந்தைகளுக்காக அங்கே ஒரு நாடக அரங்கமே கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. 1896-ல் டவுன் காலமானார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! 1905-ல் அவருக்கு ஒரு பேரன் பிறந்தான். அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருந்தது.

உண்மை வெளிவந்தது

1959-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 47-வது குரோமோசோமைக் கண்டுபிடித்தார்கள். காசநோய் காரணம் அல்ல என்பது தெளிவாயிற்று. தாயின் குற்றமும் அல்ல. தந்தையின் குற்றமும் அல்ல.

ஒரு குரோமோசோம் கூடினால் என்ன ஆகிறது? அதில் உள்ள மரபணுக்களின்படி உருவாகும் சில புரதங்களும் கூடி விடுகின்றன. "டிர்க் 1ஏ" அப்படி ஒரு புரதம். மூளை வளர்ச்சியில் அதற்குப் பங்கு உண்டு. அது மிஞ்சினால் வளர்ச்சி பாதிக்கப்படும்.

கண்ணுக்குத் தெரியாத புரதத்தை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் ஆன்டிபாடி உதவுகிறது. கிருமி நுழைந்தால் அதைப் பிடிக்க நம் ரத்தத்தில் உண்டாகும் பொருள் அது. விஞ்ஞானிகள் ஒரு புரதத்தை முயலின் உடலில் செலுத்துவார்கள். முயலின் ரத்தத்தில் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி உண்டாகும். அதை எடுத்து, ஒளிரும் சாயம் சேர்த்து, உயிரணுக்களின் மேல் விடுவார்கள். புரதம் இருக்கும் இடம் மட்டும் மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். தொழிற்சாலைப் பரிசோதகர் போல, ஆயிரம் பாகங்களுக்கு நடுவே ஒன்றை அது காட்டிக் கொடுக்கும்.

டவுன் முகத்தைத்தான் பார்த்தார். இன்று உயிரணுவுக்குள்ளேயே பார்க்கிறார்கள். ஆனாலும் கூடுதல் குரோமோசோமை நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அன்பும் பயிற்சியும்தான் இன்றும் கைகொடுக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இத்தகைய பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். அதன் தாயிடம், என்ன பாவம் செய்தாயோ என்று கேட்காதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.