அகதியாய் அலைந்த மொழியறிஞர் ரோமன் யாக்கொப்சன்

இருபதாம் நூற்றாண்டின் மொழியியலுக்குப் புதுத்தடம் அமைத்தவர்களுள் ஒருவர் ரோமன் யாக்கொப்சன். அவருடைய மிக முக்கியமான நூல்களுள் ஒன்று, அவர் நாடுவிட்டு நாடு ஓடிக்கொண்டிருந்த நாட்களிலேயே பிறந்தது.

1896 இல் மொஸ்கோவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த யாக்கொப்சன், மாணவராயிருந்தபோதே, 1915 இல், நண்பர்களுடன் மொஸ்கோ மொழியியல் வட்டத்தை நிறுவினார். 1920 இல் செக்கோசிலோவாக்கியா சென்றார். 1926 இல் பிராக் மொழியியல் வட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். பின்னர் பிர்னோ நகரின் மசாரிக் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார்.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் அந்நாட்டினுட் புகுந்தன. யாக்கொப்சன் தம்மிடமிருந்த தாள்களை எரித்துவிட்டு, பிராக்கில் சில வாரங்கள் ஒளிந்திருந்தார். பின் டென்மார்க்கையும், அங்கிருந்து நோர்வேயையும் அடைந்தார். 1940 ஏப்ரலில் நோர்வேயும் தாக்கப்படவே, எல்லை கடந்து சுவீடனில் தஞ்சம் புகுந்தார்.

1941 இல் உப்சாலாவில் அவருடைய சிறு நூல் வெளியாயிற்று. குழந்தையிடம் மொழி எவ்வாறு வளர்கிறது, மூளைப் பாதிப்பாற் பேச்சிழந்தோரிடம் எவ்வாறு சிதைகிறது என்பவற்றை அது ஒருசேர ஆராய்ந்தது. குழந்தை முதலிற் பற்றிக்கொள்ளும் ஒலி வேறுபாடுகளே கடைசியில் மறைகின்றன. பிந்தி வந்தவை முந்தி அகல்கின்றன என்பது அவர் முடிவு.

தனி ஒலிகளைவிட அவற்றிடையேயுள்ள வேறுபாடுகளையே அவர் மொழியின் அடித்தளமாகக் கொண்டார். நமது அம்மா, அப்பா என்னும் சொற்களிலும் இதனைக் காணலாம். இரண்டிலும் உதடுகள் மூடித் திறக்கின்றன. மூச்சு மூக்கின் வழியே செல்கிறதா, இல்லையா என்பதொன்றே தாயையும் தந்தையையும் வேறுபடுத்துகிறது. எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையிற் கற்பதில்லை எனப் பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் ஒலிகளை வேறுபாடுகளாற் பகுத்து நோக்கும் முறை இன்றும் மொழியியலின் அடிப்படைப் பாடமாகவே உள்ளது.

தம்மைத் துரத்திய ஆட்சியாளரின் மொழியான ஜேர்மனிலேயே அவர் இந்நூலை எழுதினார் என்பது கருதத்தக்கது. ஆட்சியின் பழியை அவர் மொழியின்மேற் சுமத்தவில்லை.

அவ்வாண்டிலேயே கப்பலேறி நியூயோர்க் சேர்ந்தார். அகதி அறிஞர்கள் அங்கு அமைத்த பிரெஞ்சுக் கல்விக்கூடத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகள், மற்றோர் அகதியான மானிடவியலாளர் குளோட் லெவி ஸ்ட்ரோசின் சிந்தனைக்குப் புதுவழி காட்டின. 1949 முதல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய யாக்கொப்சன், 1982 இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

பல நாடுகளிற் கற்பித்து, பல மொழிகளில் எழுதியவர் அவர். ஆயினும் அவருடைய கல்லறையில், ருஷ்ய மொழியறிஞர் எனப் பொருள்படும் இரு ருஷ்யச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து மட்டும் இலத்தீன் எழுத்து.