பால் கத்திக்குப் பின்னால் ஒரு மனிதர்



விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன தாத்தா பாட்டி நம்மில் பலர் வீட்டில் உண்டு. பட்டையை மெல்லிசாகச் சீவணும், மரத்தில் காயம் படக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கங்காணி. அந்தப் பாடத்தை முதலில் கண்டறிந்தவர் யார் தெரியுமா? ஹென்றி நிக்கலஸ் ரிட்லி.

1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். செடிகொடிகளைப் பற்றிப் படித்தவர். 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலைக்குத் தலைவராக வந்தார். அதே 1888-இல்தான் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமை வாங்கினார். இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் வையுங்கள்.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876-இல் விக்காம் என்பவர் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அதில் முளைத்த கன்றுகளில் 22 மறு வருடம் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலாகங்சாருக்குப் போயின. ரிட்லி வந்தபோது மரம் இருந்தது. அதை வைத்துப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைதான் யாருக்கும் இல்லை. பிரேசிலில் சின்னக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். கொத்து ஆழமாக விழுந்தால் மரம் புண்ணாகிவிடும்.

ரிட்லி வருடக்கணக்காக வெட்டி வெட்டிப் பார்த்தார். பால் ஓடுவது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே இருக்கும் வளரும் படலத்தைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளர்கிறது. முந்தி வெட்டின கோட்டிலேயே மறுபடி ஒரு சீவல் எடுத்தால் பால் குறையவில்லை, கூடுகிறது! அதிகாலையில் நன்றாக ஓடுகிறது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. யந்திரம் ஒன்றுமில்லை.

காப்பி பயிரிட்ட துரைமார் காது கொடுக்கவில்லை. சட்டைப் பையில் விதையோடு அலைந்தவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் துணிந்து நட்டார். பிறகு காப்பி விலை விழுந்தது. மோட்டார் கார் பெருகியது. டயருக்கு ரப்பர் கேட்டு உலகமே கையை நீட்டியது. 1913-இல் ஆசியத் தோட்டங்கள் அமேசான் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டன. அங்கே அந்தப் பாலை நம்பி வாழ்ந்த ஊர்கள் படுத்துவிட்டன.

இங்கே நடந்தது என்ன? ஒரே மரத்தை வருடம் முழுவதும் வெட்டலாம் என்றானதும், வருடம் முழுவதும் வெட்ட ஆளும் வேண்டியதாயிற்று. காப்பி, கரும்புத் தோட்டங்களுக்கு முன்பே நம்மவர்கள் வந்ததுண்டு. ஆனால் ரப்பருக்கு வந்த கூட்டம் வேறு. 1907-இல் முதலாளிகளிடம் வரி வாங்கி, கப்பல் செலவுக்கென்றே ஒரு நிதி வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கியவர்களுக்கு லயமும் மங்கும் காண்டா வாளியும் காத்திருந்தன. லாபம் லண்டனுக்குப் போனது. இதை ரிட்லியின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மரத்தைப் பார்த்தார், அதை வெட்டப் போகிற கையைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்.

1911 வாக்கில் ஓய்வு பெற்றார். மலாயாவின் செடிகளைப் பற்றி 5 தொகுதி நூல் எழுதினார். 1956-இல், 100 வயதில் இறந்தார்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. வீட்டில் பழைய பால் கத்தி கிடந்தால் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளே. அதன் முனை வளைந்திருக்கும். பட்டைக்குக் கீழே போகாமல் இருக்கத்தான் அந்த வளைவு.