மூச்சைக் கவனித்த ரூபாபாய்

கால்விரல் நகத்தை எடுப்பது சின்ன சிகிச்சைதானே? 1848-ல் இங்கிலாந்தில் அதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி, சில நிமிடங்களில் இறந்துபோனாள். வலி தெரியாமலிருக்கக் கொடுத்த மருந்தே உயிரைப் பறித்துவிட்டது!

எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும்? மருத்துவர்களை நெடுங்காலம் வாட்டிய இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஊர்களில் நம் நாட்டு ஹைதராபாத்தும் ஒன்று.

அங்கே பார்சி குடும்பத்தைச் சேர்ந்தவர் ரூபாபாய் ஃபர்தூன்ஜி. பெண்கள் பள்ளிக்குப் போவதே அபூர்வமாக இருந்த 1885-ல், ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த ஐந்து பெண்களில் இவரும் ஒருவர். 1889-ல் தேர்ச்சி பெற்றார்.

அப்பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரி. நிஜாம் மன்னரின் ஆதரவோடு 1888, 1889 ஆண்டுகளில் குளோரோஃபார்ம் பற்றி அங்கே ஆய்வுகள் நடந்தன. நோயாளியின் மூச்சை விடாமல் கவனிக்க வேண்டும், அது தடுமாறினால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும் என்று லாரி கற்பித்தார். அவரிடம் பயின்ற ரூபாபாய், ஹைதராபாத் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் மயக்க மருந்து கொடுத்தார். 1909-ல் எடின்பரோ சென்று மேலும் படித்தார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று இன்று போற்றப்படுகிறார்.

குளோரோஃபார்ம் இதயத்தையும் நேராகத் தாக்கும் என்பது பின்னர் தெரிந்தது. அதனால் அது வழக்கொழிந்தது. மூச்சைக் கவனிப்பது மட்டும் மாறவில்லை.

ஸ்ரீமுஷ்ணம் ஆனாலும் சென்னை ஆனாலும், அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் உங்கள் எடையைப் பார்ப்பார். அதை வைத்துத்தான் மருந்தின் அளவு. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பார். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போய்விடுமே! ஆகவே, ஒளித்துத் தின்ற மிட்டாயைக்கூட மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சரியா?