சார்லஸ் ஈம்ஸ் சரிதம்

பெரியோர் சரிதம் எழுதப் புகுவார் பெரும்பாலும் அரசரையும் போர்வீரரையும் புலவரையும் அடியவரையுமே நாடிச் செல்வர். நாற்காலி செய்தாரொருவருடைய சரிதத்தை நாம் எடுத்துக்கொண்டமை நம் மாணவர் சிலர்க்கு நகைப்பை விளைப்பினும் விளைக்கலாம். ஆயினும், வைத்தியசாலைகளிலும் விமான நிலையங்களிலும் சொற்பொழிவு மண்டபங்களிலும் முதுகும் இருக்கையும் ஒரே ஓடாக வளைந்த நாற்காலியில் அமர்ந்திராதார் இந்நாளில் அரியர். அதனை முதன்முதல் பெருந்தொகையாகச் செய்யும் வழி கண்டவர் எவர் என்று அமர்ந்திருப்போர் கேட்பதில்லை. மனிதர்க்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றாக எண்ணினும், முன்னிரண்டைப்பற்றிப் பேசுமளவு மூன்றாவதனைப்பற்றி நாம் பேசுவதில்லை. ஆதலின் உறையுளையே தம் வாழ்நாட் சிந்தனையாகக் கொண்ட சார்லஸ் ஈம்ஸ் என்பாரைப்பற்றி இங்கு எழுதத் துணிந்தோம்.

இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிஸ்ஸௌரி மாகாணத்துச் செயின்ட் லூயி நகரத்தில் 1907-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ம் தேதி பிறந்தார். இளம்பிராயத்திலேயே பிதாவை இழந்தமையால் பள்ளியிற் பயிலும்போதே உழைக்க வேண்டியவரானார். லாக்ளீட் என்னும் எஃகு ஆலையில் சிறு வேலை செய்தார். அங்கேயே வரைபடம் எழுதுதலில் அவர்க்கு ஆர்வம் எழுந்தது. பிதா விட்டுச் சென்ற புகைப்படக் கருவிகளைக்கொண்டு, கற்பிப்பார் இன்றியே, படம் பிடிக்கவும் பயின்றார். எஃகும் புகைப்படமும் அவருடைய பிற்கால வாழ்க்கையில் எவ்வளவு பயன்பட்டன என்பதனைப் பின்னர்க் காண்போம்.

வாஷிங்டன் சர்வகலாசாலையில் சிற்ப நூல் பயிலச் சேர்ந்தவர் இரண்டாண்டளவில் பட்டம் பெறாமலே வெளியேறினார். அக்காலத்துச் சிற்பாசிரியர்கள் மதியாத பிராங்க் லாயிட் ரைட்டின் புதுமுறையை இவர் போற்றியமையே அதற்குக் காரணம் என்பர். பட்டம் பெறாதாரை மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டுகின்றோமே என்று எம்மைக் கடிந்துகொள்ள வேண்டா. அவர் கலாசாலையை விட்டாரேயன்றிக் கல்வியை விட்டாரல்லர். 1929-ல் காதரின் என்பாரை விவாகம் செய்தார். மறு ஆண்டில் லூசியா என்னும் மகள் பிறந்தாள். அதே 1930-ல் கட்டடத் தொழில் தொடங்கினார். அமெரிக்கா முழுவதும் வியாபாரம் வீழ்ச்சியுற்றிருந்த காலம் அது. வீடு கட்டுவார் இலராயினர். சில மாதங்கள் மெக்ஸிகோ தேசத்தில் கையிற் பொருளின்றித் திரிந்து, கிடைத்த கூலி வேலையைச் செய்து காலங்கழித்தார். எளிய மக்கள் களிமண்ணாலும் காகிதத்தாலும் செய்யும் பொம்மைகளிலும் துணிகளிலும் அவர்க்கிருந்த விருப்பம் கடைசிவரை நீங்கவில்லை.

திரும்பி வந்தபின் ஆர்க்கன்ஸா மாகாணத்து ஹெலினா என்னும் சிற்றூரில் அர்ச். மரியம்மாள் பேரால் ஒரு தேவாலயத்தைக் கட்டினார். சிறிய ஊரின் செங்கற் கோயிலே அது. எனினும் அதன் படங்களைக் கண்ட பின்லாந்து தேசத்துப் பெருஞ்சிற்பியாகிய எலியேல் சாரினன், மிஷிகன் மாகாணத்தில் தாம் நடத்திவந்த கிரான்புரூக் கலைக்கழகத்திற்கு அவரை அழைத்தார். 1938-ல் மாணவராகச் சென்றவர் விரைவில் அங்கேயே ஆசிரியருமானார்.

எலியேலின் மகனாகிய ஈரோ சாரினன் அங்கே அவர்க்கு ஆருயிர் நண்பரானார். நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சிசாலையார் 1940-ல் வீட்டுச் சாமான்களுக்கென ஒரு போட்டி அறிவித்தனர். ஒட்டுப்பலகையை, அதாவது பிளைவுட்டை, மனித உடலின் வடிவிற்கேற்ப வளைத்து நாற்காலி செய்யலாம் என்று இவ்விருவரும் காட்டி முதற் பரிசுகளைப் பெற்றனர். பரிசு கிடைத்ததேயன்றி நாற்காலி கிடைக்கவில்லை! பலகையை ஒரு பக்கமாக வளைத்தல் எளிது. கிண்ணம் போல இருபக்கமும் வளைத்தால் பிளவுபடும். பிளவை மறைக்க மெத்தையும் துணியும் போர்த்த வேண்டியதாயிற்று. குறைந்த விலையில் ஜனங்களுக்கு என்று தொடங்கியது, அதிக விலையில் சிலருக்கு என்று முடிந்தது. இத்தோல்வியே அவருடைய பின்னைய முயற்சிகளுக்கெல்லாம் வித்து.

அப்போட்டிக்கு வரைபடம் எழுத உதவியவர்களுள் ஒருவர் ரே கைஸர் என்னும் பெண்மணி. 1912-ல் கலிபோர்னியாவிற் பிறந்தவர். ஹான்ஸ் ஹாப்மன் என்னும் ஓவியரிடம் பல ஆண்டு பயின்றவர். சார்லஸ் முதல் மனைவியை விலக்கி, 1941 ஜூன் மாதத்தில் ரேயை மணந்தார். சரிதம் எழுதுவோர் இதனை மறைத்தற்கில்லை, புகழ்தற்குமில்லை. புதுமணத் தம்பதிகள் லாஸ் ஏஞ்ஜலிஸ் சென்று, நாய்ட்ரா என்னும் சிற்பி கட்டிய தொகுப்பு வீடுகளுள் ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தனர்.

அவ்வீட்டில் அவர் செய்த வேலையை நாம் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம். பகலிற் சார்லஸ் ஒரு சினிமாக் கம்பெனியில் காட்சி ஜோடனை வேலை பார்த்தார். இரவில் இருவரும் தம் வீட்டின் ஓர் அறையைத் தொழிற்சாலையாக்கினர். சுண்ணச் சாந்தினால் ஓர் அச்சு. அதனுள்ளே சூடேற்ற மின்கம்பிச் சுருள்கள். அதன்மேல் பசை தடவி அடுக்கிய மெல்லிய மரத்தகடுகள். அவற்றை அழுத்த ஒரு ரப்பர்ப் பை. அப்பைக்குக் காற்றடிக்க ஒரு சைக்கிள் பம்பு. இதுவே அவர்களுடைய யந்திரம். பசை இறுகுமளவும் மணிக்கணக்காகக் காற்று இறங்காமல் மாறி மாறிப் பம்பினை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாயவித்தைக்காரன் கூவும் சொல்லைப் போல இதற்குக் கஸாம் என்று பெயரிட்டழைத்தனர். வாடகை வீட்டுக்காரர் இதனை அறிந்திருப்பின் என்ன சொல்லியிருப்பாரோ!

நாற்காலிக்கு முன்னர் இந்த யந்திரம் நோயாளிக்கு உதவிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் காலெலும்பு முறிந்த வீரர்க்கு உலோகச் சிம்பு வைத்துக் கட்டினர். தூக்கிச் செல்லும்போது அது அதிர்ந்து துன்பத்தை மிகுவித்தது. ஈம்ஸ் தம்பதிகள் சார்லஸின் காலையே அளவாகக் கொண்டு ஒட்டுப்பலகையாற் சிம்பு செய்தனர். பலகையிற் சில இடங்களில் இடைவெளி வெட்டிவிட்டால் அது பிளவுபடாமல் இருபக்கமும் வளையும் என்பதனை இதிலேதான் கண்டறிந்தனர். அவ்விடைவெளிகள் கட்டுத்துணியை நுழைக்கவும் பயன்பட்டன. அமெரிக்கக் கடற்படையார் 1942-ல் இதனை ஏற்றனர். யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 1,50,000 சிம்புகள் செய்யப்பட்டன.

யுத்தம் ஓய்ந்ததும் அதே அறிவு நாற்காலியாயிற்று. ஒரே ஓடாக வளைக்க முயன்று தோற்றமையால், இருக்கை ஒன்றும் முதுகு ஒன்றுமாகப் பிரித்து, இடையே ரப்பர்த் துண்டுகள் வைத்து இணைத்தார். சாய்ந்தால் முதுகுப்பலகை சற்றே இசைந்து கொடுக்கும், மெத்தை வேண்டா. 1946-ல் முன்கூறிய காட்சிசாலையிலேயே இவை வைக்கப்பட்டன. மிஷிகனிலுள்ள ஹெர்மன் மில்லர் கம்பெனியார் இவற்றை விற்கலாயினர். டைம் பத்திரிகையார் 1999-ல் இந்நாற்காலியையே அந்நூற்றாண்டின் சிறந்த அமைப்பெனத் தேர்ந்தனர். பின்னர்க் கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பைபர்கிளாஸைக்கொண்டு 1950-ல் ஒரே ஓடாகிய நாற்காலியும் வெளிவந்தது. கிரான்புரூக்கில் கண்ட கனவு பத்தாண்டுகளுக்குப் பின்னரே கைகூடிற்று.

ஈண்டு ஒரு குறையைக் கூறாமல் விடுதல் நியாயமன்று. 1946-ம் ஆண்டுக் காட்சி சார்லஸ் என்னும் ஒருவர் பெயராலேயே நடந்தது. இரவெல்லாம் உடன் பம்படித்த ரேயின் பெயர் அதில் இல்லை. தொழிற்சாலையில் உடனுழைத்த நண்பர் பெயரும் இல்லை. அவருட் சிலர் மனம் வருந்தி விலகினர். சார்லஸ் தம் மனைவியைச் சமமான துணையென்றே எப்பொழுதும் பிறர்க்குக் கூறிவந்தார். உலகமோ நெடுங்காலம் அதனைச் செவியேற்கவில்லை. அக்காலத்துப் பத்திரிகைகளில் ரே, கணவர்க்குப் பின்னே நின்று புன்னகை புரியும் பெண்மணியாகவே காட்டப்பெற்றார். சார்லஸ் இன்னும் வலிந்து மறுத்திருக்கலாமன்றோ என்பது எமது கருத்து.

இனி அவர் தமக்கெனக் கட்டிய வீட்டினைப் பார்ப்போம். யுத்தத்தின்பின் வீடு திரும்பும் பல்லாயிரவர்க்குக் குறைந்த செலவில் நல்ல வீடுகள் வேண்டியிருந்தன. ஜான் எண்டென்சா என்னும் பத்திராதிபர் 1945-ல், சிற்பிகள் மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதில் எட்டாம் எண் வீடு ஈம்ஸ் தம்பதிகளுக்குரியது. பஸிபிக் சமுத்திரத்தை நோக்கிய ஒரு மேட்டில், யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நின்ற புல்வெளியே மனை. சார்லஸும் ஈரோவும் முதலில் வரைந்த வீடு, குன்றிலிருந்து புல்வெளியின்மேற் பாலம் போல நீண்டு நிற்பது. யுத்தத்தின் பின்விளைவால் எஃகு உடனே கிடைக்கவில்லை. காத்திருந்த நாட்களில் கணவனும் மனைவியும் அடிக்கடி அம்மனைக்குச் சென்று புல்லின்மேல் அமர்ந்து உணவருந்தி மகிழ்ந்தனர். அந்தப் புல்வெளியைக் கெடுக்கும் வீடு எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றிற்று. 1948-ல் எஃகு வந்திறங்கியபோது பழைய வரைபடத்தை விலக்கி, வீட்டைக் குன்றின் ஓரமாக, மரவரிசைக்குப் பின்னே ஒதுக்கி அமைத்தனர். முன்னர் வாங்கிய எஃகே போதியதாயிற்று. ஒரே ஓர் உத்தரம் கூடுதலாக வேண்டியிருந்தது என்பர். வீடோ முன்னையதினும் விசாலமாயிற்று.

எஃகுச் சட்டத்தினை ஐவர் 16 மணி நேரத்தில் நிறுத்திவிட்டனர். வசிக்கும் கட்டடம் ஒன்று, தொழில் செய்யும் கட்டடம் ஒன்று. முன்னது 1,500 சதுர அடி, பின்னது 1,000 சதுர அடி. இடையே ஒரு முற்றம். சன்னல்கள் முதலியன ஆலைகள் சரக்காக விற்பவையே. கரிய சட்டங்களினிடையே கண்ணாடியும், வெண்மை, செம்மை, நீலம் தீட்டிய பலகைகளும் மாறி மாறி அமைந்தன. 1949-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளன்று குடிபுகுந்தனர்.

நவீன வீடு என்றதும் வெறுஞ்சுவரும் வெண்தரையுமே நினைவிற்கு வருவது வழக்கம். ஈம்ஸ் வீட்டினுட் புகுந்தார் வியப்புறுவர். 17 அடி உயர்ந்த கூடத்தில் கம்பளங்கள், திண்டுகள், செடித்தொட்டிகள், மெழுகுவர்த்திகள், மெக்ஸிகோ பொம்மைகள், கடற்சங்குகள், கூழாங்கற்கள்! ஹாப்மனின் ஓவியமொன்று சுவரிலன்றிக் கூரையிலிருந்து கிடையாகத் தொங்கிற்று. வழியிற் பொறுக்கிய உலர்ந்த முட்செடிப் பந்து ஒன்றும் அவ்வாறே தொங்கிற்று. இவ்வொழுங்கெல்லாம் பெரும்பாலும் ரேயின் கைவண்ணம். நம் வீடுகளின் முன்கூடத்திலோ, வந்தவர் காண வைத்து வீட்டார் உட்காராத நாற்காலிகள் எத்தனை!

இப்பாணிக்கு மிட்-செஞ்சுரி மாடர்ன் என்னும் பெயர் 1984-ல் வெளிவந்த ஒரு நூலின் தலைப்பாலேயே பரவிற்று. சார்லஸ் அப்பெயரைக் கேட்டவரல்லர். இன்று அப்பெயரால் வீட்டைப் புதுப்பிப்போர் பலர் நல்ல சுவரை இடித்து, நின்ற மரத்தை வெட்டி, 1956-ல் அவர் செய்த தோல் மெத்தைச் சாய்வு நாற்காலியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி நடுவே வைக்கின்றனர். அந்நாற்காலி தொடக்கத்திலேயே விலையுயர்ந்தது. ஜனங்களுக்கென உழைத்தவர் பெயர் செல்வர் வீட்டுப் பொருளாலேயே மிகுதியும் அறியப்படுவது விந்தையே. இருக்கும் பொருளை எண்ணி, மனையை நோக்கி, வரைந்ததைக் கிழித்து மறுபடி வரைந்த அவருடைய பொறுமையை எந்தக் கடையும் விற்பதில்லை.

நம் தேசத்தோடும் இவர்க்குத் தொடர்புண்டு. இந்திய ஸர்க்காரின் அழைப்பின்மேல், போர்டு ஸ்தாபனத்தின் உதவியால், தம்பதிகள் மூன்று மாதம் இந்தியாவிற் சுற்றி, 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை எழுதினர். யந்திரப் பொருள்கள் பெருகிவரும் காலத்தில் இந்தியர் தம் கைப்பொருள்களின் தரத்தை இழவாதிருப்பது எவ்வாறு என்பதே வினா. அவர் மிக வியந்த பொருள் அரண்மனையன்று, சிற்பமன்று. வடநாட்டார் லோட்டா என்றும் நாம் செம்பு என்றும் கூறும் எளிய பாத்திரமே. அது எவ்வளவு நீர் கொள்ளும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் எவ்வாறு நிலைபெறும், இடுப்பிலும் கையிலும் எவ்வாறு பொருந்தும், எவ்வாறு ஊற்றும், எவ்வாறு துலக்கப்படும், தட்டினால் எவ்வாறு ஒலிக்கும், விற்றால் உலோகம் என்ன விலை பெறும் என்றிவற்றையெல்லாம் அடுக்கி, தனியொருவர் இதனை அமைத்திருத்தல் இயலாது, பல தலைமுறையினர் சிறிது சிறிதாகத் திருத்தியதே இது என்று முடித்தார். நாடோறும் நாம் துலக்கிக் கவிழ்க்கும் செம்பினை அயலார் ஒருவர் இவ்வாறு நோக்கினாரே என்று எமக்கு மகிழ்ச்சியும் சிறிது நாணமும் உண்டாயின. அவ்வறிக்கையின் பயனாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கல்விநிலையம் தோன்றிற்று.

பிற்காலத்தில் அவர் நாற்காலியினும் திரைப்படத்திலும் கண்காட்சியிலுமே மிகுதியும் ஈடுபட்டார். உல்லாசப் புல்வெளி ஒன்றிலிருந்து பத்துப் பத்து மடங்காக அண்டத்தின் விளிம்புவரை விலகிச் சென்று, மறுபடி அணுவினுட் புகும் படமொன்றை 1977-ல் வெளியிட்டார். பிதாவின் புகைப்படக் கருவி தொடங்கிய வழி இது.

1978-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ம் தேதி, பிறந்த ஊராகிய செயின்ட் லூயிக்குச் சென்றிருந்தபோது சார்லஸ் காலமானார். ரே தனியராய் அவ்வீட்டிலேயே வாழ்ந்து, தொழிற்சாலையிற் குவிந்திருந்த படங்களையும் கடிதங்களையும் ஒழுங்குபடுத்தி, 1988-ம் ஆண்டு அதே ஆகஸ்டு 21-ம் தேதியில் உயிர்நீத்தார். 2025 ஜனவரியில் பஸிபிக் பாலிஸேட்ஸ் பகுதியைப் பெருந்தீ சூழ்ந்தபோது அண்டையில் எண்ணிறந்த வீடுகள் சாம்பலாயின. ஈம்ஸ் வீட்டினுட் புகை புகுந்தது. வீடும் புல்வெளியும் தப்பின.