வானின் எதிரொலியைக் கேட்டவர்

கெடா மாநிலத் தோட்டப்புறங்களில், பால்மரம் வெட்டி முடித்து ஓய்ந்திருக்கும் பெரியவர்கள் ஒரு காலத்தில் இரவு நேரத்தில்தான் வானொலிப் பெட்டியைத் திருப்புவார்கள். பகலில் இரைச்சலாகக் கேட்ட தொலைதூர நிலையங்கள் இருட்டிய பிறகு தெளிவாகக் கேட்கும். சில நாள்களில் அதுவும் கேட்காது. பெட்டி பழுதாகிவிட்டதென்று அதைத் தட்டிப் பார்த்தவர்களும் உண்டு. குறை பெரும்பாலும் பெட்டியில் இல்லை, வானில் இருந்தது. அந்த வானை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சிசிர் குமார் மித்ரா.

மித்ரா 1890ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தை ஆசிரியர். தாயார் சரத்குமாரி மருத்துவம் பயின்று, பாகல்பூர் மருத்துவமனையில் பணியாற்றினார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. தந்தை வாதநோயால் படுத்த படுக்கையானபோது, குடும்பம் தாயாரின் வருமானத்தையே நம்பியிருந்தது. மகன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாயார் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

மித்ரா கல்கத்தாவில் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்று, 1920இல் பாரிசுக்குச் சென்றார். அங்கு ஒளியியலில் முனைவர் பட்டம் பெற்ற பின், நான்சி நகரில் வானொலிக் குழாய்களைப் பற்றிக் கற்றார். 1923இல் நாடு திரும்பியபோது, வானொலியியலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாடமாக்கினார்.

வானொலி அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை, புவியோ உருண்டை. அப்படியிருக்க, அவை கடல் கடந்து வருவது எவ்வாறு? சூரியனின் புறஊதாக் கதிர்கள் உயரத்திலுள்ள காற்றுத் துகள்களிலிருந்து மின்னணுக்களைப் பிரிக்கின்றன. இதனால் உருவாகும் அயனி மண்டலம், அலைகளை வளைத்து மீண்டும் தரைக்கு அனுப்புகிறது. 1924இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் இதற்குச் சான்று கண்டார். சில ஆண்டுகளில், மித்ராவும் அவருடைய மாணவர்களும் வங்காளத்து வானில் அதே சோதனையைச் செய்தனர். அலையை மேலே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்தால் அடுக்கின் உயரம் தெரியும். நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி திரும்ப ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது! அந்நேரத்தை அளக்கும் கருவிகளைக் குறைந்த பணத்தில் அமைக்க வேண்டியிருந்தது. வானொலி ஆய்வுக்கென ஒரு வாரியம் வேண்டுமென்று மித்ரா நெடுங்காலம் வற்புறுத்தினார். அது 1942இல்தான் அமைந்தது.

நமக்கு மிக நெருக்கமான அவருடைய ஆய்வு 1946இல் வெளிவந்தது. சூரியன் உச்சியில் காயும் நடுக்கோட்டுப் பகுதியில்தான் மின்னணுக்கள் மிகுந்திருக்க வேண்டும். ஆனால், புவிக் காந்த நடுக்கோட்டின் மேலே அவை குறைந்தும், வடக்கிலும் தெற்கிலும் சற்றுத் தள்ளி மிகுந்தும் காணப்பட்டன. மிக உயரத்தில் தோன்றும் மின்னணுக்கள் காந்தக் கோடுகளின் வழியே சறுக்கி இருபுறமும் இறங்குவதே காரணம் என்றார் மித்ரா. இவ்விளக்கத்தைப் பின்வந்தோர் திருத்தினர், அடிப்படை நிலைத்தது. கெடா அந்தக் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் இருக்கிறது. இங்குச் சூரியன் மறைந்த பின், அயனி மண்டலத்தில் சில நாள்களில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழும்பும். அவற்றைக் கடந்து வரும் செயற்கைக்கோள் அலைகள் தடுமாறும். கோலக் கெடாவிலிருந்து கடலுக்குச் செல்லும் படகின் இடங்காட்டிக் கருவியும் அப்போது பிழையாகக் காட்டக்கூடும். அதனால்தான் அயனி மண்டலத்தை இன்றும் இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள்.

1947இல் மித்ரா எழுதிய மேல் வளிமண்டலம் பற்றிய நூல் உலகெங்கும் ஆய்வாளர்களின் கைந்நூலானது. ருசிய மொழியிலும் வெளிவந்தது. 1958இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் மேற்கு வங்க இடைநிலைக் கல்வி வாரியத்தை நிருவகித்தார். இத்தகைய அறிவியலறிஞர் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு வேலைகளைக் கவனித்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் மித்ரா காலமானார். நிலவில் ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அது நிலவின் மறுபக்கத்தில் இருப்பதால், கெடாவிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ அதைக் காண இயலாது.