ஜூலியா மார்கரெட் காமிரன் அம்மையார்

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் புகைப்பட நிலையங்கள் பல்கின. படம் நொடியில் பதியாமையின், குழந்தை அசையாதிருத்தற்பொருட்டுத் தாயைத் துணியால் போர்த்து மறைத்து, அவள் மடிமீது மகவை இருத்திப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது. படத்தில் மகவு உண்டு; தாய் முகம் இல்லை. அக்காலத்தே தாய்மையின் திருமுகத்தை உலகறியக் காட்டியவர் காமிரன் அம்மையார் ஆவார்.

இவர் 1815-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பிரான்சு நாட்டில் கல்வி பயின்றார். 1838-இல் சட்ட வல்லுநராகிய சார்லஸ் ஹே காமிரனை மணந்தார். 1848-இல் குடும்பம் இங்கிலாந்து சேர்ந்தது. 1860-இல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியேறினர்.

1863-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆறு மக்களின் தாயாகிய இவருக்கு, மகளும் மருமகனும் ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்பொழுது வயது 48. அம்மையார் நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கூண்டைப் படமனை ஆக்கினார். மருந்து பூசிய கண்ணாடித் தகடு உலருமுன் எல்லாப் பணியும் முடிதல் வேண்டும். கைகள் கறைபட்டன, ஊக்கம் குன்றவில்லை.

பணிப்பெண் மேரி ஹில்லியரை மரியன்னையாகவும், அயலார் சிறுவரைக் குழந்தை இயேசுவாகவும் அமைத்துப் பல படங்கள் எடுத்தார். தாய் மகவின்பால் குனிந்த பார்வையும், உறங்கும் சிசுவின் அமைதியும் அவற்றில் உயிர்பெற்றன. உருவம் தெளிவில்லை, தகட்டில் கறையுண்டு எனப் புகைப்பட வல்லார் பலர் இகழ்ந்தனர். அம்மையாரோ தம் நெறியினின்று பிறழவில்லை. 1865-இல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கிற்று. 1868-இல் படமெடுத்தற்கு இரண்டு அறைகளும் அளித்தது.

1873-இல், கருவி தந்த அம்மகள் மகப்பேற்றின்போது இறந்தாள். தாய்மையைப் படமாக்கிய தாய்க்கு இதனினும் கொடிய துயர் யாது? 1875-இல் கணவருடன் இலங்கை சென்றார்; ஆண்டும் அந்நாட்டு மக்களைப் படமெடுத்தார். 1879-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் உயிர் நீத்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை உளது.

முதுமை நெருங்கும் பருவத்தில் ஒரு கலையைத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுக்குள் அதன் போக்கையே மாற்றினார். காலங் கடந்ததென்று சோர்வார் இவர் வரலாற்றை எண்ணுவாராக.