மைக்ரோவேவ் கேரமலும் தகடூர் அதியமானும்... கரும்பு கொண்டுவந்த வீட்டுப் பிள்ளையின் கதை!

கேரமல் காபி, கேரமல் புட்டிங், கேரமல் பாப்கார்ன்னு ஆர்டர் போட்டுச் சாப்பிடுற பலருக்கு, அந்த கேரமலை வீட்டு மைக்ரோவேவிலேயே அஞ்சு நிமிஷத்துல செய்யலாம்னு தெரியாது. சாஸ் பாட்டில் வாங்க வேண்டாம். சர்க்கரையும் தண்ணியும் இருந்தா போதும்.

அரை கப் சர்க்கரை, அதாவது சுமார் 100 கிராம். 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர். நாலு சொட்டு எலுமிச்சைச்சாறு. சூடு தாங்கும் பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு, ஒரே ஒரு தடவை கலந்துவிட்டு, ஹை பவர்ல வையுங்க. தண்ணீர் எதுக்குன்னா, மைக்ரோவேவ் அலைகள் தண்ணீரைத்தான் சட்டுனு சூடாக்கும். உலர்ந்த சர்க்கரை மட்டும் இருந்தா சூடு ஏறவே நேரமாகும். எலுமிச்சைச்சாறு, பாகு மறுபடி கல்கண்டு மாதிரி கட்டியாகாமல் பார்த்துக்கும்.

முதல் 2 நிமிஷம் வெறுமனே கொதிக்கும், நிறம் மாறாது. தண்ணீர் வத்தின பிறகுதான் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 160 டிகிரியை நெருங்கும்போது ஓரத்துல தேன் நிறம் தெரியும். இனிமேல் போனைக் கீழே வச்சிடுங்க. 15 விநாடிக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கணும். 800 வாட் அடுப்புல மொத்தமே 3 முதல் 5 நிமிஷம்தான். வெளியே எடுத்த பிறகும் கிண்ணத்தோட சூட்டிலேயே நிறம் கூடும் என்பதால, நீங்க விரும்புற நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துடுங்க. பிளாஸ்டிக் கிண்ணம் கூடவே கூடாது. கொதிக்கிற தண்ணியைவிட இது ரொம்பச் சூடு, தோலில் பட்டால் ஒட்டிக்கும். கையுறை அவசியம். சூடான க்ரீம் ஊத்தினா குபீர்னு பொங்கும், பயந்துடாதீங்க.

கேரமல் அவ்வளவுதான். இப்போ அந்தக் கிண்ணத்துல இருக்கிற சர்க்கரையோட பூர்வீகத்துக்கு வருவோம். நீங்க தர்மபுரி மாவட்டத்துக்காரரா இருந்தா இது உங்க ஊர்க் கதை.

சேலம் - தர்மபுரி ரோட்டில் பஸ்ஸில் போனவங்களுக்கு அதியமான்கோட்டை தெரியும். நிறைய பேருக்கு அது ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். அங்கே அதியமான் கோட்டம்னு அரசு கட்டின நினைவிடமும் இருக்கு. அந்த அதியமான், முழுப் பெயர் அதியமான் நெடுமான் அஞ்சி, சங்க காலத்துல தகடூரை ஆண்டவர். தகடூர்தான் இன்றைய தர்மபுரி. பள்ளிக்கூடத்துல அவரைப் பற்றி நமக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம்: ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தார். ரெண்டு மார்க் கேள்வி. ஆனா, அவர் காலத்துல அவரோட குடும்பத்துக்கு இருந்த பெருமை வேற. அது கரும்பு.

புறநானூற்றில் 99-வது பாட்டு ஔவையார் பாடியது. அதியமானைப் புகழும்போது முதலில் அவருடைய முன்னோர்களைத்தான் சொல்கிறார். அவர்கள் தேவர்களைப் போற்றி வழிபட்டார்கள், கிடைப்பதற்கு அரிய கரும்பை இங்கே கொண்டுவந்து தந்தார்கள் என்பது அதன் சாரம். எந்த முன்னோர், எங்கிருந்து என்பதெல்லாம் பாட்டில் இல்லை. பிற்காலத்துல இந்தக் கதை தேவலோகம் வரைக்கும் போயிடுச்சு. போகட்டும். தாவரவியல் சொல்வது வேறு. கரும்பை மனிதர்கள் முதலில் வளர்த்துப் பழக்கியது நியூ கினி தீவுப் பக்கம். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தியாவுக்கு வந்தது.

இதுல நான் ரசிக்கிற விஷயம் ஒண்ணு. கரும்பை விவசாயிகள் விதை போட்டு வளர்ப்பதில்லை. கணு உள்ள துண்டை, அதாவது கரணையை நட்டால்தான் பயிர். நெல்லை மூட்டை கட்டி மாசக்கணக்குல எடுத்துட்டுப் போகலாம், கரும்பை முடியாது. கரணை காய்ந்தா கதை முடிஞ்சுது. அப்படின்னா, ஒரு ஊருக்குக் கரும்பு வந்து சேர்ந்திருக்குன்னா, யாரோ ஒருத்தர் அதை ஈரம் காயாமல் உயிரோடு சுமந்து வந்திருக்கணும். அதை ஒரு அரச குடும்பத்தோட சாதனையாகப் புலவர் பாடியிருக்கார்னா, அந்தச் சாதனை நிஜமாவே பெருசுதான். போரில் ஜெயித்ததைப் பாட ஆயிரம் பாட்டு உண்டு. ஒரு பயிரைக் கொண்டுவந்ததுக்குப் பாட்டு அபூர்வம்.

சரி, அதியமான் நிஜ மனிதரா, பாட்டில் மட்டும் இருக்கிறவரா? இந்தச் சந்தேகத்துக்கு 1981-ல் பதில் கிடைத்தது. திருக்கோவிலூர் பக்கத்துல ஜம்பை என்கிற ஊரில், பாறைக் குகையில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டுபிடிச்சாங்க. ஒரே வரி. அதியன் நெடுமான் அஞ்சி அந்தக் குகையைத் துறவிகள் தங்குறதுக்குக் கொடுத்தார் என்பது செய்தி. அதில் அவர் பெயருக்கு முன்னால் சதியபுதோ என்று ஒரு பட்டம். கி.மு. 3-ம் நூற்றாண்டில் அசோகர் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொன்ன அதே சத்தியபுத்திரர்! அது யார்னு பல வருஷமா அறிஞர்கள் சண்டை போட்டுட்டு இருந்தாங்க. ஜம்பை கல்வெட்டு, அது தகடூர்க்காரங்கன்னு காட்டிடுச்சு. அந்தத் துறவிகள் சமணர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சமண மரபில் முதல் தீர்த்தங்கரரான ரிஷபர் தன் நீண்ட விரதத்தை முடித்தது கரும்புச்சாறு குடித்துத்தான். இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனா சொல்லாமல் போக மனசு வரலை.

இனி அந்த நட்பு. ஔவையார்னதும் உங்களுக்குக் கையில் கோலோடு ஒரு பாட்டி ஞாபகம் வரும். 1953-ல் வந்த படத்துல கே.பி.சுந்தராம்பாள் நடித்த உருவம் அது. ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு, அதியமானின் ஔவை வேறு என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் முடிவு. ரெண்டு பேருக்கும் நடுவுல சுமார் 1,000 வருஷம். சங்க ஔவை ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பரிசு பெறும் கலைஞர். 59 பாடல்கள் அவர் பெயரில் இருக்கு. புறநானூற்றில் மட்டும் 33. அதில் பெரும்பகுதி அதியமானைப் பற்றியது.

ஆரம்பத்திலேயே எல்லாம் இனிப்பாக இருந்துடலை. ஒருமுறை பரிசு தராமல் அதியமான் காலம் கடத்தினார். ஔவைக்குக் கோபம். வாயில்காவலனைக் கூப்பிட்டு, எங்களுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும்னு பாடிட்டு மூட்டையைக் கட்டினார். இன்னைக்கு ஃப்ரீலான்ஸ் வேலை பார்த்துட்டு பேமென்ட்டுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு இந்தக் கோபம் நல்லாவே புரியும். பிறகு அதியமான் ஏன் தாமதித்தார்னு புரிந்தது. கொடுத்தா ஔவை கிளம்பிப் போயிடுவாரே! இன்னொரு பாட்டில், ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும் முதல் நாள் மாதிரியே வரவேற்பார்னு அவரே பாடுகிறார்.

நெல்லிக்கனி வந்தது இந்த நட்புக்குள்தான். உயரமான மலையில், ஏற முடியாத பிளவில் இருந்த நெல்லி மரத்துக் கனி. சாப்பிட்டால் நீண்ட ஆயுள் என்பது நம்பிக்கை. அதன் பலனை வாய் திறந்து சொல்லாமல் மனசுக்குள் வச்சுக்கிட்டு ஔவைக்குக் கொடுத்துட்டார். சொல்லியிருந்தா ஔவை வாங்கியிருக்க மாட்டார் இல்லையா? விஷயம் தெரிந்ததும், விஷத்தை விழுங்கியும் சாகாத நீலகண்டன் போல நீ நிலைத்திருக்கணும்னு வாழ்த்தினார். கொடுமை என்னன்னா, அந்த வாழ்த்து பலிக்கவில்லை.

அதியமானுக்குப் பகை அதிகம். ஏழு அரசர்களோடு மோதி ஜெயித்தவர். காஞ்சியில் இருந்த தொண்டைமானோடு போர் மூளும் நிலை வந்தபோது, தூது போனது ஔவை. ஒரு பெண் கலைஞரைத் தூதராக அனுப்பிய அரசர் என்பதற்காகவே அவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைப் பெருமையாகக் காட்டினார். ஔவை புகழ்வது மாதிரியே கலாய்த்தார். இங்கே ஆயுதங்கள் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாக இருக்கு. அங்கே அதியமானோட வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்குது என்பது அவர் பாடியதன் பொருள். அதே பாட்டில் அதியமானைப் பற்றி ஒரு குறிப்பும் தருகிறார்: இருந்தால் கொடுப்பவர், இல்லாவிட்டால் இருக்கிறதைப் பகிர்ந்து உண்பவர். ஆமாம், இல்லாமலும் இருந்திருக்கார். மூவேந்தர் மாதிரி பெரிய கஜானா அவரிடம் கிடையாது.

அவரோட குணத்தைச் சொல்ல ஔவைக்கு இன்னொரு படமும் கிடைத்தது. ஆற்றில் படுத்திருக்கும் யானையின் தந்தத்தை ஊர்ச் சிறுவர்கள் கழுவி விளையாடுவார்கள், அது சும்மா இருக்கும். அதே யானைக்கு மதம் பிடித்தால் எதிரே நிற்க முடியாது. எங்களுக்கு நீ முதல் யானை, பகைவருக்கு ரெண்டாவது யானை. மகன் பிறந்த அன்று போர்க்களத்திலிருந்து நேராக வந்து குழந்தையைப் பார்த்தாராம். குழந்தை முகத்தைப் பார்த்தும் கண்ணில் போரின் சிவப்பு ஆறவில்லை என்று எழுதிவச்சிருக்கார் ஔவை. நண்பரின் குறையையும் சேர்த்துப் பதிவு பண்றவர்தான் நல்ல எழுத்தாளர்.

முடிவு கோவலூரில் தொடங்கியது. இன்றைய திருக்கோவிலூர். அங்கே ஆண்ட மலையமான் திருமுடிக்காரியை அதியமான் தோற்கடித்தார். பரணர் அதைப் பாடினார். ஊரை இழந்த காரி, சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் போய்ச் சேர்ந்தார். சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்றார். அடுத்து சேரன் படை தகடூருக்கு வந்தது. காரி, ஓரி, அதியமான் மூணு பேருமே கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இருக்கிறவர்கள். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர்னு படிச்ச அதே பட்டியல். வள்ளல்கள் ஒருத்தரையொருத்தர் அழிச்சுக்கிட்டாங்க என்பதைப் பாடப்புத்தகம் நமக்கு அழுத்திச் சொல்லலை. தகடூரை அழித்த அந்தச் சேரனும் கெட்டவர்னு முத்திரை குத்த முடியாது. முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் தூங்கிட்ட மோசிகீரனாரை வெட்டாமல், விழிக்கும் வரை விசிறிவிட்டவர் அவர்தான். தகடூர்ப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரைனு தனி நூலே இருந்தது. இன்று சில பாடல்கள்தான் மிச்சம்.

மார்பில் வேல் பாய்ந்து அதியமான் இறந்தார். நீண்ட ஆயுள் தரும் கனியை யாருக்குக் கொடுத்தாரோ, அவர் உயிரோடு இருந்து இரங்கல் பாடினார். கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்குத் தருவார், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவரும் சேர்ந்து குடிப்பார் என்று சின்னச் சின்ன ஞாபகங்களாக அடுக்குகிறார். அவர் மார்பைத் துளைத்த வேல், பாணர்களின் பாத்திரத்தையும் துளைத்துவிட்டது என்கிறார். வாழ்வாதாரமே போச்சு என்பதை அதைவிடச் சுருக்கமா சொல்ல முடியாது. பிறகு நடுகல் நட்டு, மயில்பீலி சூட்டி, சின்னக் கலயத்தில் கள் படைத்தார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவர் இதை வாங்கிக்குவாரா என்று கேட்டது ஔவைதான்.

அதியமானின் மகன் பொகுட்டெழினி. ஔவை அவரையும் பாடியிருக்கிறார், புறநானூறு 392. அதில் அவரை அறிமுகப்படுத்துவது, அமிழ்தம் போன்ற கரும்பை இங்கே கொண்டுவந்தவரின் வழித்தோன்றல் என்றுதான். நெல்லிக்கனிப் பேச்சே அங்கே இல்லை.

அந்தக் கரும்பு இன்னும் இந்த மாவட்டத்தில் இருக்கு. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கோபாலபுரத்து ஆலைக்கு சுப்பிரமணிய சிவா பெயர். தண்ணீர் நிறைய கேட்கும் பயிர் என்பதால், மழை பொய்க்கும் வருஷத்துல முதல் அடி கரும்புக் காட்டுக்குத்தான். வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் இருக்கு. கரும்புச் சக்கையையே எரித்து, பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, சுமார் 118 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிடுவாங்க. நம்ம கேரமலைவிட 40 டிகிரி குறைவு. ஆனாலும் வெல்லத்துக்குப் பழுப்பு நிறம் தானாகவே வருது, ஏன்னா சாற்றில் இருக்கிற சத்துகளை அதில் யாரும் பிரிச்சு எடுக்கலை. வெளிர் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தைக் கடையில் பார்த்தால் யோசிச்சு வாங்குங்க. நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைக் கலப்பது உண்டு. கறுத்த வெல்லமே மேல்.